ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடும் ஆணையத்தில் யாரை உட்கார வைப்பது? நான்கு அமெரிக்க மாநிலங்களின் நான்கு வழிகள்

நோயாளர் சங்கங்களிலும் மருத்துவக் கல்லூரி முன்னாள் மாணவர் அறக்கட்டளைகளிலும் இருப்பவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து திணறுகிறார்கள். ஆராய்ச்சிக்கென்று கொஞ்சம் பணம் சேர்ந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு வேண்டும். விஞ்ஞானிகளைப் போட்டால் "அவங்க ஆளுக்கே கொடுத்துக்குவாங்க" என்கிறது ஒரு தரப்பு. வெளியாட்களைப் போட்டால் "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறது இன்னொன்று. நோயாளி வேண்டுமா, வக்கீல் வேண்டுமா, சாமியார் வேண்டுமா என்று பேச்சு நீள்கிறது. பணம் வங்கியில் தூங்குகிறது.

இதே கேள்விக்கு அமெரிக்க மாநிலங்கள் பல கோடி டாலரைக் கையில் வைத்துக்கொண்டு விடை தேடியிருக்கின்றன. கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல் (உடலின் பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சிக்கு மத்திய அரசு தரும் பணத்துக்கு 2001 ஆகஸ்டில் அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ் கடிவாளம் போட்டார். அப்புறம் மாநிலங்கள் சொந்தப் பணத்தோடு இறங்கின. கலிஃபோர்னியா 2004-லும், மேரிலாந்து 2006-லும், நியூயார்க் 2007-லும் தொடங்கின. டெக்சஸ் அதே 2007-ல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று தனி நிதி ஒதுக்கியது. பணத்தை மேற்பார்வையிட நான்கும் ஆணையம் அமைத்தன. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் நான்கும் நான்கு திசையில் போயின.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துவிடுவோம். மருத்துவமனைகளில் இருக்கும் அறநெறிக் குழு வேறு, இது வேறு. மனிதர்கள்மேல் ஆய்வு நடத்தலாமா என்று பார்ப்பது அறநெறிக் குழு. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் அதற்குக் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும், அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமே போட்டிருக்கின்றன. நாம் இங்கே பேசுவது பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் குழுவைப் பற்றி. அதை எப்படி அமைப்பது என்பது பெரும்பாலும் நிதி வைத்திருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் குழப்பமும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

உள்ளே இருப்பவர்களுக்கு விஷயம் தெரியுமா? பணம் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? கூட்டம் கூடி, கோரம் (முடிவெடுக்கக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற எண்ணிக்கை) சேர்ந்து, முடிவெடுக்க முடியுமா? மேலிடத்திலிருந்தோ பார்வையாளர் வரிசையிலிருந்தோ அழுத்தம் வந்தால் தாங்குமா?

மூன்றாவது கேள்வி சலிப்பானது. ஆனால் குழு அமைக்கும்போது யாரும் கேட்காமல், இரண்டு வருஷம் கழித்து எல்லோரும் கேட்பது அதைத்தான்.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் யார் என்பதைவிட, எந்த வாக்கெடுப்பில் யார் கை தூக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

## கலிஃபோர்னியா: சம்பந்தப்பட்டவர்களையே உட்கார வைப்பது

2004 நவம்பரில் வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து, 300 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். பணத்தை வழங்க ஒரு மாநில ஆராய்ச்சி நிறுவனம், அதைப் பார்த்துக்கொள்ள 29 பேர் கொண்ட குழு. மருத்துவக் கல்லூரி உள்ள ஐந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களின் வேந்தர்கள் ஆளுக்கு ஒருவரை நியமிப்பார்கள். ஆளுநர், துணை ஆளுநர், கருவூலர், கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஆகிய நால்வரும் பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிலையங்கள், உயிரியல் தொழில் நிறுவனங்கள் ஆகியவற்றிலிருந்து மொத்தம் 12 பேரை நியமிப்பார்கள். நோயாளிகளுக்காகப் பேசுபவர்கள் 10 பேர். தலைவர், துணைத்தலைவர் இருவர்.

இதன் பலம் வெளிப்படை. ஸ்டெம் செல் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு துறையை எழுப்ப வேண்டுமென்றால், ஆய்வகம் கட்டுகிறவரும் ஆள் எடுக்கிறவரும் உள்ளே இருந்தால் வேலை வேகமாக நடக்கும்.

சிக்கலும் அதிலேயே இருக்கிறது. 29 பேரில் 13 பேர், பணம் கேட்டு விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வு நிலையங்களிலிருந்தும் வந்தவர்கள். பரிமாறுகிறவன் தன்னவனானால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்று நம்மூரில் சொல்வார்கள் அல்லவா? அதேதான். தன் நிறுவனத்தின் விண்ணப்பம் வரும்போது அந்த உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. விண்ணப்பங்களை முதலில் மதிப்பிட, மாநிலத்துக்கு வெளியிலிருந்து வந்த 15 விஞ்ஞானிகளைக் கொண்ட தனிக் குழுவும் இருந்தது. இருந்தும் சந்தேகம் போகவில்லை. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் தந்த அறிக்கை, மாநில ஆராய்ச்சி நிறுவனம் நல்ல வேலை செய்திருக்கிறது என்று பாராட்டிவிட்டு, குழுவின் அமைப்பையே மாற்றச் சொன்னது. பெரும்பான்மை உறுப்பினர்கள் சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்றது. நோயாளிகளின் பிரதிநிதிகளுக்கும் தங்கள் நோய்க்குப் பணம் போக வேண்டுமென்ற சொந்த நலன் உண்டு என்பதையும் சுட்டிக்காட்டியது. சொல்லச் சங்கடமான உண்மை, ஆனால் உண்மை.

மறைந்திருக்கும் செலவு எது என்பதை ஒரு சம்பவம் காட்டிக்கொடுக்கிறது. ஸ்டெம்செல்ஸ் இன்க் என்ற நிறுவனம் அல்சைமர் ஆய்வுக்கு 2 கோடி டாலர் கேட்டது. மதிப்பீட்டாளர்கள் வேண்டாம் என்றார்கள். விண்ணப்பம் மறுபடி வந்தபோது குழுவின் முன்னாள் தலைவரே நேரில் வந்து அந்த நிறுவனத்துக்காகப் பேசினார். 2012 செப்டம்பரில், நிபந்தனையோடு பணம் தரலாம் என்று ஆதரவு 7, எதிர்ப்பு 5 என்ற வாக்கில் முடிவானது. 29 பேர் கொண்ட குழுவில் கை தூக்கியவர்கள் 12 பேர்தான். ஒதுங்க வேண்டியவர்கள் ஒதுங்கி, வராதவர்கள் வராமல் போனால், பெரிய குழு இப்படித்தான் சின்னக் குழுவாகிவிடும். அந்த நிறுவனம் 2016-ல் தன் ஆய்வுகளை நிறுத்திவிட்டது. அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு: மாநில ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் 2014-ல் பதவி விலகிய ஒரு வாரத்துக்குள் ஸ்டெம்செல்ஸ் இன்க்கின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார்.

2013-ல் ஒரு சமரசம் செய்தார்கள். நிறுவனங்களிலிருந்து வந்த 13 பேரும் விவாதத்தில் பேசலாம். யாருக்குப் பணம் என்ற வாக்கெடுப்பில் கலந்துகொள்ள மாட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி இது. 2009-லேயே அரசு நிர்வாகத்தை ஆராயும் மாநிலத்தின் லிட்டில் ஹூவர் ஆணையம் குழுவை 15 பேராகக் குறைக்கச் சொல்லியிருந்தது. நடந்தது நேர் எதிர். 2020-ல் இன்னொரு 550 கோடி டாலருக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 35 ஆனது. இதுவும் ஒரு பாடம்தான்: நாற்காலியைக் கூட்டுவது சுலபம், எடுப்பது கஷ்டம்.

## டெக்சஸ்: அரசியல்வாதிகள் நியமிக்கும் வெளியாட்கள்

டெக்சஸும் 2007-ல் 300 கோடி டாலரோடுதான் தொடங்கியது. மேற்பார்வைக் குழுவில் 11 பேர். ஆளுநர், துணை ஆளுநர், சபாநாயகர் மூவரும் தலா மூன்று பேரை நியமிப்பார்கள். மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கும் கணக்குக் கட்டுப்பாட்டாளருக்கும் ஒவ்வொரு நாற்காலி. விஞ்ஞானம் தெரிந்தவர்கள் குழுவுக்கு வெளியே, மதிப்பாய்வுப் பக்கத்தில் இருந்தார்கள். அறிவியல் தலைவராக நோபல் பரிசு பெற்ற ஆல்ஃப்ரட் கில்மன் இருந்தார்.

காகிதத்தில் பார்த்தால் கலிஃபோர்னியாவின் நோய்க்கு இது மருந்து. பணம் கேட்பவர்கள் பந்தியில் பரிமாறவில்லை. ஆனால் நடந்தது வேறு. 2012-ல் ஹூஸ்டனில் ஒரு பெரிய வணிக ஆய்வு மையத்துக்கு, அறிவியல் மதிப்பாய்வு இல்லாமலே பெரும் தொகை ஒப்புதலானது. கில்மன் பதவி விலகினார். அவர் பின்னால் மதிப்பீட்டாளர்களும் வரிசையாக விலகினார்கள். அந்த வருஷக் கடைசியில் இன்னொன்று வெளியே வந்தது: பெலோடான் தெரப்யூடிக்ஸ் என்ற நிறுவனத்துக்கு 2010-ல் தந்த 1.1 கோடி டாலர் எந்த மதிப்பாய்வையும் தாண்டி வரவில்லை. 2012 டிசம்பரில் புதிய நிதி எல்லாம் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்க 2013 அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. விசாரணை தொடங்கிய அலுவலகங்களில் அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் ஒன்று. அந்த அலுவலகத்துக்கே குழுவில் நாற்காலி இருந்தது என்பதுதான் வேடிக்கை. அதிகாரி ஒருவர்மேல் குற்ற வழக்கும் நடந்தது. 2014-ல் ஜூரி அவரை விடுவித்தது.

டெக்சஸ் முறையின் மறைசெலவு இதுதான். விஷயம் தெரியாத குழு, ஊழியர்கள் தயாரித்துத் தரும் பட்டியலை நம்பித்தான் கையெழுத்துப் போடும். "இந்த விண்ணப்பம் மதிப்பாய்வுக்குப் போயிற்றா?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லையென்றால், போகாத விண்ணப்பமும் போனதாகவே கணக்கில் ஏறிவிடும்.

இங்கே ஒரு திருப்பம். மதிப்பாய்வைத் தாண்டிக் குதித்த பெலோடானை 2019-ல் மெர்க் என்ற பெரிய மருந்து நிறுவனம் 105 கோடி டாலர் முன்பணம் கொடுத்து வாங்கியது. அதன் மருந்தான பெல்சூட்டிஃபானுக்கு 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியும் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் மதிப்பீட்டாளர்களை மீறிப் பணம் பெற்ற நிறுவனம் மூடியது. டெக்சஸில் மதிப்பீட்டாளரையே பார்க்காத நிறுவனம் மருந்தோடு வந்தது. இதைக் காட்டி "பார்த்தீங்களா, மதிப்பாய்வெல்லாம் வெட்டி" என்று பேசுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுப் பணம் கொடுப்பவர் பதில் சொல்ல வேண்டியது, கொடுத்த அன்று கையில் என்ன காகிதம் இருந்தது என்பதற்கு. பத்து வருஷம் கழித்து வந்த அதிர்ஷ்டம் அந்தக் காகிதமாகாது.

2013-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தியபின் இருக்கும் டெக்சஸ் முறைதான் இன்று நகலெடுக்கத் தகுந்தது. அட்டர்னி ஜெனரலுக்கும் கணக்குக் கட்டுப்பாட்டாளருக்கும் பதவியின் பேரில் இருந்த இரண்டு நாற்காலிகளையும் எடுத்துவிட்டு 9 பேர். விதிகள் நடக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்றே ஒரு தனி அதிகாரி. மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் மாநிலத்துக்கு வெளியே வசிப்பவர்கள். நிதி வழங்கும் மாநில நிறுவனத்துக்கோ அதன் அறக்கட்டளைக்கோ நன்கொடை கொடுத்தவர் நிதிக்கு விண்ணப்பிக்க முடியாது. சிறிய சங்கங்கள் கடைசி விதியை இரண்டு தடவை படிக்க வேண்டும். நம் ஊர்களில் பெரிய நன்கொடையாளரும் விண்ணப்பிக்கும் மருத்துவமனையின் முதலாளியும் ஒருவராகவே இருப்பது உண்டு.

இந்த ஆணையம் தூங்கிக்கொண்டிருக்கவும் இல்லை. புற்றுநோய் விஞ்ஞானி ஜேம்ஸ் அலிசனை 2012-ல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துக்கு வரவழைத்தது இந்த நிதிதான். 2018-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2019-ல் வாக்காளர்கள் இன்னொரு 300 கோடி டாலரும் தந்தார்கள்.

## மேரிலாந்து: யார் யார் என்று சட்டமே எண்ணி வைப்பது

2006 சட்டம் 15 நாற்காலிகளையும் வகை பிரித்துவிட்டது. அட்டர்னி ஜெனரல் அல்லது அவர் அனுப்பும் ஆள் ஒருவர். நோயாளிகளுக்காகப் பேசுபவர் மூவர். உயிரித் தொழில்நுட்ப அனுபவம் உள்ளவர் மூவர். மேரிலாந்து பல்கலைக்கழக அமைப்பிலிருந்தும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்தும் தலா இரண்டு விஞ்ஞானிகள். அதே இரண்டு இடங்களும் தலா ஒரு அறநெறி அறிஞரை அனுப்பும். மதம் சார்ந்த மருத்துவ அறநெறியில் தேர்ந்தவர் இருவரை ஆளுநர் நியமிப்பார்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன நிபந்தனை: அந்த நான்கு விஞ்ஞானிகளும் ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் ஈடுபடாதவர்களாக இருக்க வேண்டும். பக்கத்துத் துறைக்காரர் என்றால் விண்ணப்பத்தைப் படித்தால் புரியும். அதில் அவருக்குச் சொந்தப் பங்கு இருக்காது. அறிவும் தூரமும் ஒரே ஆளிடம் கிடைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதிகம் பணம் கேட்கக்கூடிய இரண்டு நிறுவனங்களுக்குமே நாற்காலி இருப்பது இருப்பதுதான். தன் ஆய்வகத்துக்குப் பணம் கேட்காதவரும் தன் டீன் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

கருவைத் தொடும் ஆராய்ச்சி என்றாலே மக்கள் பிரிந்து நிற்கும் இடத்தில், மத நோக்கில் பேசத் தெரிந்த இருவரை உள்ளே வைத்தது புத்திசாலித்தனம். வெளியே நின்று மறியல் செய்யக்கூடிய கேள்வி, உள்ளேயே குறிப்பேட்டில் பதிவாகிறது. அதற்கு விலை, கூட்டம் நீளும். முதல் வருஷம் ஒதுக்கியது 1.5 கோடி டாலர். கலிஃபோர்னியாவைப் போலக் கடன் பத்திரம் கிடையாது, ஆண்டுதோறும் பட்ஜெட்டை நம்பித்தான் ஓட வேண்டும். குழு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், அடுத்த வருஷம் பணம் வருமா என்று தெரியாமல் ஐந்து வருஷ ஆய்வுக்கு ஒப்புதல் தர முடியாது.

## நியூயார்க்: பணத்துக்கு ஒரு குழு, அறநெறிக்கு ஒரு குழு

நியூயார்க் 11 ஆண்டுகளில் 60 கோடி டாலர் செலவிடத் திட்டமிட்டு, ஒரே வாரியத்துக்குள் இரண்டு குழுக்களை வைத்தது. நிதிக் குழுவில் 13 பேர், அறநெறிக் குழுவில் 13 பேர். இரண்டுக்கும் மாநிலச் சுகாதார ஆணையரே தலைவராக இருந்தார்.

இப்படிப் பிரித்தால் கடினமான கேள்விக்கு உட்கார்ந்து விடை தேட ஆளும் நேரமும் இருக்கும். கருமுட்டை தானம் செய்யும் பெண்ணுக்குப் பணம் தரலாமா என்ற கேள்வி அப்படிப்பட்டது. கலிஃபோர்னியாவின் சட்டம் செலவை மட்டும் ஈடுகட்டலாம், அதற்குமேல் கூடாது என்று தடுத்துவிட்டது. நியூயார்க் 2009-ல் 10,000 டாலர் வரை தரலாம் என்று முடிவு செய்தது. ஆராய்ச்சிக்கான கருமுட்டைக்கு அரசுப் பணத்திலிருந்து ஈடு தர அனுமதித்த முதல் மாநிலம் அதுதான். குழந்தைப்பேறு சிகிச்சைக்குத் தானம் செய்பவருக்கு ஏற்கெனவே பணம் தருகிறோமே என்பது ஆதரவாளர்களின் வாதம். ஏழைப் பெண்களைப் பணம் காட்டி இழுப்பதாகும் என்பது எதிர்வாதம்.

ஆனால் சின்ன நிதிக்கு இது சுமை. 26 நாற்காலிக்கு ஆள் தேடிக் களைத்துப் போவீர்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே தலைவர் என்றால் பிரித்ததன் பயனும் பாதி போய்விடும்.

## பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| | கலிஃபோர்னியா | டெக்சஸ் (2013-க்குப் பின்) | மேரிலாந்து | நியூயார்க் |
|---|---|---|---|---|
| உறுப்பினர்கள் | 29, இப்போது 35 | 9 | 15 | 13 + 13 |
| நியமிப்பது | பல்கலை வேந்தர்கள், மாநில உயர் பதவியாளர்கள் | ஆளுநர், துணை ஆளுநர், சபாநாயகர் | சட்டம் வகை பிரித்தபடி பலர் | அரசியல் தலைமை. சுகாதார ஆணையர் தலைவர் |
| விஷய அறிவு | மிக அதிகம் | மதிப்பீட்டாளர்களிடம் | போதுமானது | போதுமானது |
| பணம் கேட்பவரிடமிருந்து தூரம் | குறைவு. 2013-க்குப் பின் பரவாயில்லை | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் |
| கூட்டம் கூடுவது | கஷ்டம் | சுலபம் | சமாளிக்கலாம் | இரட்டை வேலை |
| மறைசெலவு | ஒதுங்கல்களால் சுருங்கும் வாக்கு | ஊழியர்களை நம்பியிருத்தல் | பட்ஜெட் நிச்சயமின்மை | ஆள் பற்றாக்குறை |

## சரி, உங்களுக்கு எது?

விண்ணப்பிக்கப்போவது இரண்டு மூன்று கல்லூரிகள்தான், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்றால், திருத்திய டெக்சஸ் முறைதான். ஐந்திலிருந்து ஒன்பது பேர். அவர்களில் யாரும் விண்ணப்பிக்கும் இடத்தில் சம்பளம் வாங்கக் கூடாது. மதிப்பீடு வெளி மாநிலத்திலிருந்து வரட்டும்; மின்னஞ்சல் காலத்தில் இதற்குப் பெரிய செலவு ஆகாது. மதிப்பீட்டாளர் தந்த வரிசையைக் குழு மாற்றலாம், ஆனால் மாற்றினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதோடு மேரிலாந்திலிருந்து ஒரு ஆளைக் கடன் வாங்குங்கள்: பக்கத்துத் துறை விஞ்ஞானி ஒருவர், ஊழியர்கள் தரும் பட்டியலைப் பார்த்துக் கேள்வி கேட்க.

உங்கள் துறையில் ஊரில் ஆய்வே நடக்கவில்லை, ஆய்வகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றால் கலிஃபோர்னியா பக்கம் சாயலாம். அறிந்தவர்களை உள்ளே விடுங்கள். திசையைத் தீர்மானிக்க மட்டும். யாருக்குப் பணம் என்ற வாக்கு அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே வேண்டாம்.

கரு, மரபணு, இறந்தவர் உடல், பழங்குடியினரின் ரத்த மாதிரி என்று ஊர் இரண்டுபடக்கூடிய பொருள் என்றால் மேரிலாந்து. நியூயார்க் முறையைப் பெரிய அறக்கட்டளைகளுக்கு மட்டும் சொல்வேன்.

நோயாளிகளைச் சேர்ப்பதா என்று கேட்பவர்களுக்கு: கட்டாயம் சேருங்கள், ஒருவரை மட்டும் அல்ல. தனியாக உட்காரும் நோயாளி கூட்டத்தில் தலையாட்டும் பொம்மையாகிவிடுவார். மூவர் இருந்தால் பேசுவார்கள். எந்த நோய்க்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற பேச்சில் அவர்கள் குரல் முழுதாக இருக்கட்டும். தன் நோய்க்கான குறிப்பிட்ட விண்ணப்பம் வரும்போது விஞ்ஞானியைப் போலவே அவரும் எழுந்து போகட்டும்.

கோரத்தை எண்ணும்போது, ஒதுங்கியவர்களைக் கழித்த பிறகு எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஒன்பதில் மூவர் ஒதுங்கி, ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்தால் ஐவர்தான் மிச்சம். அந்த ஐவரில் மூவர் சொல்வதுதான் முடிவு. இது உங்களுக்குச் சம்மதமா என்று விதி எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். யார் எந்த விண்ணப்பத்துக்கு அறையை விட்டு வெளியே போனார் என்று கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுதுங்கள். பதவிக்காலம் முடிந்த உறுப்பினரும், தலைமை ஊழியரும், நிதி பெற்ற நிறுவனத்தில் சேர இரண்டு வருஷமாவது காத்திருக்க வேண்டும் என்ற வரியை நியமனக் கடிதத்திலேயே போட்டு, கையெழுத்து வாங்கிய பிறகு முதல் கூட்டத்துக்கு அழையுங்கள்.